சிப்பியைத் திறந்து பார்த்தவர்கள்

தூத்துக்குடிக் கடலில் சலாபம் என்னும் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், இந்த ஆண்டு சலாபம் கூடும் என்று அரசு அறிவிப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. கடலடியில் சிப்பி விளையும் பாறைத் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். தோலாயிரம் பார் போன்ற பெரிய பார்களுக்கு அதிகாரிகள் தோணியில் போவார்கள். குளியாட்களை இறக்கி ஆயிரக்கணக்கில் மாதிரிச் சிப்பி எடுத்து வருவார்கள். அவற்றை அழுகவிட்டு, கழுவி, அரித்து, கிடைத்த முத்துகளைத் தரம் பிரித்து, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறும் என்று மதிப்புப் போடுவார்கள். எட்கர் தர்ஸ்டன் 1890-இல் வெளியிட்ட மன்னார் வளைகுடாக் குறிப்புகளில் இந்தக் கடலின் சலாபக் கதை விரிவாக இருக்கிறது. ஓட்டின் பருமனையும் வயதையும் பார்த்தார்கள்தான். ஆனாலும் முடிவு, சிப்பியைத் திறந்த பிறகே வந்தது.

அந்தச் சலாபங்கள் 1961-ஓடு ஓய்ந்துவிட்டன. நுரையீரல் புற்றுநோயைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்த வழக்கம்தான். காரணம் என் பெரியப்பா.

ஆத்தூரில் அவருக்குக் கொடிக்கால் இருந்தது. தாமிரபரணித் தண்ணீர் பாயும் கொடிக்கால். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவர் உயிரோடு இல்லை. கற்பூரி, நாட்டுக்கொடி, பச்சைக்கொடி என்று இலையை இருட்டில் தொட்டே பிரித்துச் சொல்லுவார். குரல் பெரிது. கொடிக்காலின் ஒரு முனையில் நின்று மறுமுனையில் வேலை செய்பவரைக் கூப்பிடுவார். காலை நாலு மணிக்கு முதல் பீடி, படுக்கும்போது கடைசிப் பீடி. இருமல் அவரோடு பிறந்தது என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தோம்.

ஒரு கார்த்திகையில் இருமல் நிற்கவில்லை. மேல்சட்டை தோளில் தொளதொளத்தது. ஒரு மருத்துவர் மார்பைப் படம் எடுக்கச் சொன்னார். வலது நுரையீரலின் மேல்பக்கத்தில் வெள்ளையாக ஒரு நிழல். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தவர், காசம்தான் என்று சொல்லி ஆறு மாத மாத்திரை எழுதிக் கொடுத்தார். சளியில் கிருமி இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. முதல் மாதம் காய்ச்சல் விட்டது, கொஞ்சம் சாப்பிட்டார். சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது. மருந்து வேலை செய்கிறது என்று பெரியம்மா அக்கம்பக்கத்தில் சொன்னாள். மூன்றாம் மாதம் எடை மறுபடி இறங்கியது. வேறு டாக்டரிடம் காட்டுவோமா என்று கேட்டேன்.

"யய்யா, மாத்திரைய முடிச்சிருவோம். பாதியில நிறுத்துனா நோய் திரும்பிரும்னு சொல்லியிருக்காவ" என்றார்.

ஐந்தாம் மாதம் அவருடைய குரல் போனது. முதலில் கரகரப்பு, பிறகு காற்று மட்டும். திருநெல்வேலியில் ஓர் இளம் மருத்துவர் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவருடைய விரல்களைப் பார்த்தார். நகங்கள் கிளியலகு போல வளைந்து, விரல்நுனி பருத்திருந்தது. மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுச் சதைத் துணுக்கு எடுத்தார்கள். ஒரு வாரத்தில் முடிவு வந்தது: நுரையீரல் புற்று. அறுவைச் சிகிச்சைக்கான காலம் கடந்திருந்தது. அடுத்த ஐப்பசிக்கு அவர் இல்லை.

அந்த முதல் மருத்துவரை இன்று நான் குறை சொல்லவில்லை. பல ஆண்டுகள் கோபம் இருந்தது. பிறகு கணக்கைப் பார்த்தேன். இந்தியாவில் 2022-இல் ஏறத்தாழ 28 லட்சம் பேருக்குக் காசநோய் வந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அதே ஆண்டில் நுரையீரல் புற்று வந்தவர்கள் சுமார் 81,000 பேர். முப்பத்துச் சொச்சம் காசநோயாளிக்கு ஒரு புற்றுநோயாளி. இருமலும் இளைப்புமாக வருபவரைப் பார்த்ததும் மருத்துவர் மனம் காசத்துக்குப் போவது இயல்பு. தவறு வேறிடத்தில் இருக்கிறது. முதலில் தோன்றிய பெயரைக் கடைசிப் பெயராக வைத்துக்கொண்டோமே, அங்கே. அந்தப் பழக்கத்துக்கு நம் மாநிலத்தில் நீண்ட வரலாறு உண்டு.

ஈளை, இளைப்பு, காசம், சயரோகம், எலும்புருக்கி என்று மார்பு நோய்க்குத் தமிழில் எத்தனை பெயர்! இவை எல்லாமே கண்ணால் கண்ட அறிகுறியிலிருந்து பிறந்தவை. இருமினால் காசம், உடம்பு கரைந்தால் எலும்புருக்கி. உள்ளே இருப்பது என்ன என்று இந்தப் பெயர்கள் சொல்லவில்லை, சொல்லவும் வழியில்லை. 1882-இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகுதான் காசம் என்பது ஒரு குறிப்பிட்ட கிருமி தரும் நோய் என்று ஆனது. ஆனால் வீடுகளிலும் பல மருத்துவமனைகளிலும் பழைய பொருள் நீடித்தது. இருமி இளைத்தவர் எல்லாரும் காசக்காரர்.

கணிதமேதை ராமானுஜன் 1917-இல் இங்கிலாந்தில் நோயில் விழுந்தார். பல மருத்துவர்கள் பார்த்தார்கள், பல பெயர்கள் சொன்னார்கள். காசநோய் என்ற பெயர்தான் நிலைத்தது. அவர் தங்கிச் சிகிச்சை பெற்ற காசநோய் விடுதிகளில் ஒன்றை நடத்தியவர் டாக்டர் சௌரி முத்து என்ற இந்தியர். ராமானுஜன் 1919-இல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று சென்னைச் சேத்துப்பட்டில் 32 வயதில் இறந்தார். 1994-இல் டி.ஏ.பி. யங் என்பவர் பழைய குறிப்புகளையெல்லாம் தேடிப் படித்து, அது ஈரலில் அமீபாக் கிருமி உண்டாக்கிய நோயாக இருந்திருக்க வேண்டும், அன்றைய மருத்துவத்துக்கே அதைத் தீர்க்க முடிந்திருக்கும் என்று எழுதினார். முடிவாக யாராலும் இனி நிரூபிக்க முடியாது. ஆனால் நிலைத்துவிட்ட ஒரு பெயரை மறுபடி கேள்வி கேட்க ஆள் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தமிழருக்கு வேண்டாம்.

சௌரி முத்து பிறகு தமிழ்நாட்டுக்கு வந்து 1928-இல் தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனை தொடங்கினார். 1937-இல் அதை அரசு எடுத்துக்கொண்டது. நல்ல காற்று, நல்ல உணவு, ஓய்வு: அன்று அவ்வளவுதான் மருந்து. எங்கள் பக்கத்து எழுத்தாளர் புதுமைப்பித்தனைக் காசம் கொண்டுபோன 1948-இல் ஸ்ட்ரெப்டோமைசின் உலகுக்கு வந்திருந்தது. சாதாரண மனிதர் கைக்கு எட்டவில்லை.

ராமானுஜன் இறந்த அதே சேத்துப்பட்டில் 1956-இல் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்த வேலை. ஏழை நோயாளிகளில் பாதிப் பேரை மருத்துவமனையில் வைத்தும், மீதிப் பேரை அவரவர் குடிசையிலேயே விட்டும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-இல் வெளியான முடிவு உலகத்தின் எண்ணத்தை மாற்றியது. மருந்தை ஒழுங்காக விழுங்கினால் போதும், குடிசையிலும் குணமாகும். காசநோய் விடுதிகள் உலகெங்கும் மூடப்பட்டதில் சென்னை ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு.

இதைப் பெருமையோடு சொல்கிறேன். கோடிக்கணக்கான உயிர்கள் இதனால் பிழைத்தன. அந்த வெற்றியிலிருந்து மக்களுக்குப் போன பாடம் ஒன்றுதான்: மாத்திரையை நிறுத்தாதே. பெரியப்பா சொன்னது அதைத்தான். அவர் நல்ல நோயாளி. ஒரு நாள்கூடத் தவறாமல் விழுங்கினார். மாத்திரையை நிறுத்தாதே என்று சொல்லிக் கொடுத்த நாம், மாத்திரை கேட்கவில்லை என்றால் மறுபடி வந்து ஏன் என்று கேள் என்பதை அதே அழுத்தத்தோடு சொல்லிக் கொடுக்கவில்லை.

இனிப் புகையின் கதை. இந்தக் கரைக்கு அதில் பங்குண்டு.

புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் கப்பலில் இந்தியாவுக்கு வந்தது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது முகலாய அரண்மனைவரை போய்விட்டது. முத்துக்குளித்துறையோ 16-ஆம் நூற்றாண்டிலேயே போர்த்துக்கீசியர் கைக்குள் இருந்த கரை. ஆத்தூருக்குக் கிழக்கே ஆறு கடலில் சேரும் புன்னைக்காயலில் அவர்களுக்குக் கோட்டையே இருந்தது. நாம் இலையைச் சுருட்டிய சுருட்டு, ஆங்கிலத்துக்கே ஒரு சொல்லைக் கொடுத்தது. பிறகு பீடி வந்தது. திருநெல்வேலிப் பக்கம் முக்கூடல், ஆலங்குளம் வட்டாரங்களில் பெண்கள் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக் குடும்பம் நடத்தினார்கள், இன்றும் நடத்துகிறார்கள். புகையைப் பற்றி எழுதும்போது அந்தக் கைகளை மறந்துவிட்டு எழுதக் கூடாது. அவர்களுக்கு மாற்றுத் தொழில் தராமல் பீடியை மட்டும் பழிப்பது நேர்மையில்லை.

ஆனால் உடம்பின் கணக்கு வேறு. 1912-இல் ஐசக் ஆட்லர் என்ற நியூயார்க் மருத்துவர் நுரையீரல் புற்றைப் பற்றித் தனி நூலே எழுதினார். எழுதும்போது, இவ்வளவு அரிய நோய்க்கு ஒரு நூல் தேவையா என்ற தயக்கம் அவருக்கு இருந்தது. உலக மருத்துவ ஏடுகளையெல்லாம் துழாவி அவர் திரட்டியவை 400-க்கும் குறைவான நோயாளிக் குறிப்புகள். இன்று உலகில் அதிகம் பேருக்கு வரும் புற்றும், அதிகம் பேரைக் கொல்லும் புற்றும் இதுதான். 2022-இல் சுமார் 25 லட்சம் பேருக்கு வந்தது, 18 லட்சம் பேர் இறந்தார்கள். நூறு ஆண்டுகளுக்குள் ஓர் அபூர்வ நோய் இப்படிப் பெருகியதற்கு முதல் காரணம் இயந்திரம் சுருட்டிய மலிவான சிகரெட்.

அதை நிறுவிய கதையிலும் நோயறிதலுக்கு ஓர் இடம் இருக்கிறது; பலரும் அதைச் சொல்வதில்லை. 1950-இல் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்று என்று சேர்க்கப்பட்டவர்களிடம் புகைப்பழக்கத்தை விசாரித்தார்கள். அவர்களில் சிலருக்குப் புற்று இல்லை, முதலில் சொன்னது தவறு என்று பிறகு தெரியவந்தது. அந்தச் சிலரின் புகைப்பழக்கத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தபோது, அது புற்று இல்லாத மற்ற நோயாளிகளுடையதைப் போலவே இருந்தது. விசாரித்த நேரத்தில் அவர்களும் தங்களுக்குப் புற்று என்றே நம்பியிருக்கலாம். கேள்வி கேட்டவரும் அப்படியே நினைத்திருக்கலாம். ஆனாலும் பதில்கள் உண்மை நோயின் பக்கம்தான் சேர்ந்தன. சரியான நோயறிதல் இல்லாமல் இந்த உண்மை துலங்கியிருக்காது.

அதே ஆண்டில் அமெரிக்காவில் இதே முடிவை வெளியிட்ட இருவரில் ஒருவர் எவார்ட்ஸ் கிரஹாம். 1933-இல் நுரையீரல் புற்று வந்த ஒருவரின் ஒரு பக்க நுரையீரல் முழுவதையும் எடுத்து, நோயாளியை முதன்முதலில் பிழைக்கவைத்த அறுவை நிபுணர் அவர். அந்த நோயாளியும் ஒரு மருத்துவர்தான். கிரஹாம் பெரும்புகைஞர். சிகரெட்டுக்கும் புற்றுக்கும் தொடர்பு இருக்கும் என்பதை அவரே தொடக்கத்தில் நம்பவில்லை. ஆய்வு முடிந்ததும் பழக்கத்தை விட்டார். 1957-இல் நுரையீரல் புற்றால் இறந்தார். அவர் அறுத்துப் பிழைக்கவைத்தவர் அவருக்குப் பிறகும் ஆறு ஆண்டுகள் வாழ்ந்தார். மருத்துவ வரலாற்றில் எத்தனையோ துயரக் கதைகள் படித்திருக்கிறேன்; இதைக் கடந்துபோக என்னால் முடிந்ததில்லை.

பீடி சிகரெட்டைவிடச் சாது என்று இன்றும் ஊரில் சொல்கிறார்கள். 1979-இல் பம்பாயில் ஜஸ்ஸாவாலா குழுவினர் செய்த ஆய்வு அதைப் பொய்யாக்கிவிட்டது. தமிழ்நாட்டிலேயே அதைவிடப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. சென்னையிலும் விழுப்புரத்திலும் 43,000 ஆண்களின் மரணத்தையும், ஒப்பீட்டுக்கு 35,000 பேரின் வாழ்க்கையையும் வீடுவீடாகப் போய் விசாரித்தார் வெ. கஜலட்சுமி. ரிச்சர்ட் பீட்டோ போன்றவர்களோடு சேர்ந்து அவர் 2003-இல் வெளியிட்ட முடிவு: புகைக்காதவரைவிடப் புகைப்பவர் காசநோயால் இறப்பது ஏறத்தாழ 4 மடங்கு.

இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. மேலைநாட்டில் புகை என்றால் புற்று. நம் நாட்டில் புகை காசத்தின் வழியாகவும் கொல்கிறது, புற்றின் வழியாகவும் கொல்கிறது. ஆகவே பீடி குடிக்கும் ஒருவருக்கு இருமல் வந்தால் இரண்டு நோயும் ஒரே வாசலில் நிற்கின்றன. இரண்டும் நுரையீரலின் மேல்பகுதியை விரும்பும். இரண்டிலும் சளியில் ரத்தம் வரலாம், மாலையில் காய்ச்சல் வரலாம், உடம்பு இளைக்கும். இரண்டிலும் படத்தில் குழிவிழுந்த நிழல் தெரியலாம். புற்று மூச்சுக்குழாயை அடைத்து அதற்குப் பின்னால் சளி தேங்கிச் சீழ்ப்பிடித்திருந்தால், காசநோய் மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின் அந்தச் சீழைக் கொஞ்சம் தணிக்கவும் கூடும். முதல் மாதம் பெரியப்பா தேறியது அதனால்தான் என்று பிற்பாடு எனக்கு விளக்கினார்கள். மருந்து தந்த அந்தச் சின்ன ஆறுதல்தான் எங்களை ஏமாற்றியது.

சரி, எப்படிப் பிரித்தறிவது? மனிதன் மார்புக்கு உள்ளே எட்டிப்பார்க்க எடுத்துக்கொண்ட காலம் நீண்டது. 1761-இல் வியன்னாவில் ஆவன்பிருக்கர் மார்பை விரலால் தட்டிச் சத்தத்தை வைத்து உள்ளே நீரா காற்றா என்று சொன்னார். பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கும் நமக்கு அது சட்டென்று புரியும். 1816-இல் லென்னெக் குழாய் வைத்துக் கேட்டார். 1895-இல் ரான்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். அதுவரை கேட்டது, அதற்குப் பிறகு பார்த்தது. ஆனால் பார்த்தது நிழலை. விலா எலும்பு, இதயம், ரத்தக்குழாய், நுரையீரல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த ஒற்றை நிழல். இதயத்துக்குப் பின்னால் ஒளிந்த கட்டி அதில் தெரியாமலே போகலாம். தெரிகிற வெள்ளைத் திட்டும் தான் யார் என்று சொல்லாது.

1971-இல் அறிமுகமான ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் அந்த நிழலை ரொட்டித் துண்டு போல வில்லை வில்லையாகப் பிரித்துக் காட்டியது. கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது, ஓரம் வழவழப்பா முள்முள்ளா, நெஞ்சுநடுவில் உள்ள நிணக்கட்டிகள் வீங்கியிருக்கின்றனவா, ஈரலுக்கும் அட்ரீனல் சுரப்பிக்கும் போயிருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். செல்கள் மும்முரமாக இயங்கும் இடங்களை ஒளிரவைத்துக் காட்டும் பெட் ஸ்கேன் இன்னும் கொஞ்சம் சொல்லும். ஆனால் பழைய காசத் தழும்பும் உயிருள்ள காசமும்கூட பெட் ஸ்கேனில் ஒளிரும் என்பதை நம் ஊரில் மறக்கக் கூடாது.

நிழலைத் தாண்டிச் சதையைத் தொட்டவர் குஸ்தாவ் கிலியன். 1897-இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் ஒரு விவசாயியின் மூச்சுக்குழாயில் சிக்கிய எலும்புத்துண்டை நேரான உலோகக் குழாய் விட்டு எடுத்தார். 1960-களில் ஜப்பானியர் ஷிகெட்டோ இகேடா அதை வளையும் கண்ணாடியிழைக் குழாயாக மாற்றினார். இன்று பிராங்கோஸ்கோப்பி என்று நம் மருத்துவமனைகளில் செய்வது அதன் வழிவந்தது. தொண்டையை மரத்துப்போகச் செய்து, மூக்கு வழியே அல்லது வாய் வழியே குழாயை இறக்கி, சந்தேகமான இடத்தில் அரிசி அளவுக்கும் குறைவான துணுக்கைக் கிள்ளி எடுப்பார்கள். கட்டி நுரையீரலின் ஓரத்தில், விலாவுக்கு அருகே இருந்தால், சி.டி. பார்த்துக்கொண்டே வெளியிலிருந்து ஊசி குத்தி எடுப்பார்கள். நெஞ்சுக்கூட்டில் நீர் கோத்திருந்தால் அந்த நீரிலேயே செல்களைத் தேடுவார்கள். கழுத்தில் நெறிகட்டியிருந்தால் அங்கிருந்தே எடுத்துவிடலாம், இன்னும் சுலபம்.

அந்தத் துணுக்கு நோய்க்குறியியல் மருத்துவரின் கைக்குப் போகிறது. நோயாளி இவரைப் பார்ப்பதே இல்லை. ஆனால் நோய்க்குப் பெயர் வைப்பவர் இவர்தான். மெழுகில் பதித்து, மயிரிழையிலும் மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்க்கிறார். காசமாக இருந்தால் அதற்கே உரிய கொத்துகள் தெரியும். புற்றாக இருந்தால் எந்த வகை என்று சொல்லுவார். பீடி சிகரெட்டோடு நெருங்கிய உறவுள்ள தட்டைச் செல் வகை, மளமளவென்று பரவும் சிறு செல் வகை, புகையே பிடிக்காதவருக்கும் வரும் சுரப்பிச் செல் வகை. வைத்தியம் மூன்றுக்கும் வேறு வேறு.

2004-க்குப் பிறகு இன்னொரு படி சேர்ந்தது. சுரப்பிச் செல் வகையில் சிலருக்கு இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் பிறழ்ச்சி இருக்கிறது, அவர்களுக்கு தினம் ஒரு மாத்திரையே கட்டியைச் சுருக்கிவிடுகிறது என்று தெரிந்தது. மேலைநாட்டாரைவிட ஆசியர்களுக்கு இந்தப் பிறழ்ச்சி அதிகம். புகைக்காதவர்களுக்கும் பெண்களுக்கும் இன்னும் அதிகம். நோய் முற்றிய நிலையிலும் அந்த மாத்திரையால் மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில், வீட்டுவேலை பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். இதை அறிய வேண்டுமானாலும் துணுக்கு வேண்டும். பெரியப்பா காலத்தில் துணுக்கு நோயின் பெயரைச் சொன்னது. இன்று மருந்தின் பெயரையும் சொல்கிறது.

இங்கேதான் நம் மக்களின் பெரிய பயம் குறுக்கே நிற்கிறது. ஊசி குத்தினால் பரவிவிடும், கத்தி பட்டால் கிளம்பிவிடும். ஆத்தூரிலும் கேட்டிருக்கிறேன், சென்னையில் படித்தவர்கள் வீட்டிலும் கேட்டிருக்கிறேன். இந்த நம்பிக்கை எப்படி வந்தது என்பது புரிகிறது. பெரும்பாலோர் முற்றிய நிலையில்தான் துணுக்கு எடுக்கப் போகிறார்கள். சில மாதங்களில் இறந்துவிடுகிறார்கள். பார்த்தவர்கள் ஊசிமேல் பழி போடுகிறார்கள். ஊசித்தடத்தில் புற்று செல் ஒட்டுவது மிக மிக அரிது. உண்மையான ஆபத்து வேறு: நுரையீரலில் காற்றுக் கசிவு, கொஞ்சம் ரத்தக்கசிவு. இரண்டையும் மருத்துவமனையில் சமாளிக்க முடியும், குத்துவதற்கு முன்பே நோயாளியிடம் சொல்லவும் வேண்டும். சொல்லாமல் கையெழுத்து வாங்கும் பழக்கம் இந்தப் பயத்தை வளர்க்கிறது.

'புற்று' என்ற நம் சொல்லே நல்ல சொல். கிரேக்கர் இந்நோயை நண்டு என்றார்கள். நம்மவர் கறையான் புற்றைப் பார்த்தார்கள். அது மண்ணுக்குள்ளே சத்தமில்லாமல் வளர்ந்து, மேலே தெரியும்போது உள்ளே நெடுந்தூரம் ஓடியிருக்கும். நுரையீரலுக்கு இது அப்படியே பொருந்துகிறது. நுரையீரல் திசுவுக்கு வலி உணர்வு இல்லை. கட்டி உறையைத் தொட்டால் வலிக்கும், மூச்சுக்குழாயை உரசினால் இருமல் வரும், குரல்நாணுக்குப் போகும் நரம்பை நெருக்கினால் குரல் போகும். அந்த நரம்பு கழுத்திலிருந்து நேராகக் குரல்வளைக்குப் போகாமல் நெஞ்சுக்குள் இறங்கி வளைந்து மேலே ஏறுகிறது. ஆகவே மூன்று வாரத்துக்கு மேல் கரகரத்த குரல், தொண்டை நோய்தான் என்று இருந்துவிடக் கூடாது.

புகைக்காதவருக்கு ஏன் வருகிறது என்று கேட்பவர்கள் தூத்துக்குடியில் அதிகம். அந்தக் கேள்விக்குப் பின்னால் இந்த ஊரின் ஆலைப்புகை இருக்கிறது, ஆலையை எதிர்த்தவர்கள்மீது 2018 மே மாதம் நடந்த துப்பாக்கிச்சூடு இருக்கிறது. வெளிக்காற்று மாசு நுரையீரல் புற்றை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-இல் தீர்மானமாக வகைப்படுத்தியது. விறகடுப்புப் புகையும் சந்தேகப் பட்டியலில் இருக்கிறது. தேரிமணலையும் கடற்கரைத் தாதுமணலையும் பயத்தோடு பார்ப்பவர்களும் உண்டு. கேரளத்தின் கருநாகப்பள்ளியில், இயற்கைக் கதிர்வீச்சு மிகுந்த மணலில் வாழும் மக்களைப் பல்லாண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. அங்கே புற்று கூடுதலாக இல்லை. ஒவ்வொரு பயத்தையும் இப்படி எண்ணிப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும். எண்ணுவதற்கு நோயாளிகளுக்குச் சரியான பெயர் வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில்தான் சென்னைக்கான புற்றுநோய்ப் பதிவேடு 1980-களின் தொடக்கத்திலிருந்து நடக்கிறது. காசம் என்று எழுதப்பட்டு இறந்துபோன புற்றுநோயாளி எந்தப் பதிவேட்டிலும் ஏறமாட்டார். அவர் ஊரின் காற்றைப் பற்றிய சாட்சியமும் அவரோடு போய்விடும்.

அப்படியானால் எல்லாருக்கும் சி.டி. எடுத்துவிடலாமா? அமெரிக்காவில் 53,000-க்கும் மேற்பட்ட கடும்புகைஞர்களிடம் செய்த ஆய்வு, ஆண்டுதோறும் குறைந்த கதிரளவில் சி.டி. எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்று இறப்பு 20 சதவீதம் குறைந்தது என்று 2011-இல் காட்டியது. பெரிய செய்திதான். ஆனால் அங்கேயே, சந்தேகம் என்று தெரிந்த நிழல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் புற்றில்லை. காசத் தழும்பு நிறைந்த நம் நுரையீரல்களில் எத்தனை பொய் எச்சரிக்கை வரும், எத்தனை பேர் வீணாக ஊசி குத்திக்கொள்வார்கள்! வீடுவீடாகப் போய் வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றையும் பரிசோதிக்கும் நம் திட்டத்தில் நுரையீரல் இல்லாததற்கு இது நியாயமான காரணம். நமக்கு இன்று வேண்டியது அதைவிடச் சின்னது, மலிவானது. ஏற்கனவே இருமலோடு நம் வாசலுக்கு வந்துவிட்டவரைச் சரியாகப் பார்ப்பது.

சளியில் காசக்கிருமியை இரண்டு மணி நேரத்தில் சொல்லும் மரபணுச் சோதனை இன்று காசநோய்த் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 2022-இல் தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கி, நோயாளி வந்த உடனே எடையையும் மூச்சையும் பார்த்து ஆபத்தானவரைப் பிரித்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. இதே ஒழுங்கில் இன்னொரு வரி சேர்க்கலாம். சளியில் கிருமி இல்லை, நிழல் மட்டும் இருக்கிறது, வயது நாற்பதுக்கு மேல், அல்லது புகைப்பழக்கம் உண்டு என்றால், இரண்டு மாத மாத்திரைக்குப் பிறகு மறுபடி படம். நிழல் குறையவில்லை என்றால் சி.டி.யும் துணுக்கும். புதிய கட்டடம் எதுவும் வேண்டாம். நோயாளியின் அட்டையில் அந்தத் தேதியை முன்கூட்டியே எழுதி வைத்தால் போதும்.

ஆத்தூர்க்காரருக்கு இது தூரத்து வேலை. ஆற்றுப் பாலம் தாண்டித் தூத்துக்குடி, அங்கிருந்து திருநெல்வேலி, அதற்கு மேல் மதுரை, அல்லது தென்மாவட்டத்தார் பலரும் போகும் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையம். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு நாள் கூலி போகும், கூடப் போகிறவரின் கூலியும் போகும். அதனால்தான் மாத்திரையை முடித்துவிட்டுப் பார்ப்போம் என்ற பதில் அவ்வளவு சுலபமாக வருகிறது.

இதைப் படிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் அப்பாவோ பெரியம்மாவோ காசநோய் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தால், நிறுத்தச் சொல்லாதீர்கள். சளியில் கிருமி தெரிந்ததா என்று சீட்டை எடுத்துப் பாருங்கள். தெரியவில்லை என்று இருந்து, இரண்டு மாதமாகியும் இருமலும் இளைப்பும் குறையவில்லை என்றால், பழைய படம், புதிய படம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். இரு கை ஆள்காட்டி விரல்களின் நகங்களை ஒன்றோடு ஒன்று முதுகு ஒட்டவைத்துப் பாருங்கள். நடுவில் சின்ன வைரம் போல இடைவெளி தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அதையும் சொல்லுங்கள். பிறகு தயங்காமல் கேளுங்கள்: "டாக்டர், சதை எடுத்துப் பார்த்தாச்சா?"